இளைப்பு நோய்க்காரரின் எலும்பு ஏன் மெலிகிறது?

எங்கள் அம்மாயி உப்புப் போத்தலை அடுப்புக்கு மேலே இருந்த தட்டில்தான் வைப்பார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கையை உயர்த்தி எட்டி எடுப்பார். எழுபதைத் தொட்டபோது மணைக்கட்டை ஒன்றைப் போட்டு ஏறினால்தான் அந்தத் தட்டு எட்டியது. "வயசானா குறுகத்தானே செய்யும், கொழுந்துக் கூடை தூக்கின முதுகு" என்று லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். ஒரு நாள் தண்ணீர் கொட்டும் பீலியடியில் குடத்தைத் தூக்கும்போது நடுமுதுகில் வெடுக்கென்று ஒரு வலி. தைலமும் வலி மாத்திரையும் கிடைத்தன. இரண்டு மாதத்தில் வலி போய்விட்டது. ஆனால் முதுகு பழையபடி நிமிரவில்லை.

அவருக்கு அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இளைப்பு இருந்தது. அது கூடிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நெஞ்சுக்குப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டொக்டர், "இவங்க எப்ப விழுந்தாங்க?" என்று கேட்டார். விழவே இல்லை என்றோம். முள்ளந்தண்டில் இரண்டு எலும்புகள் நசுங்கிப்போயிருந்தன. இளைப்புக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அன்று எனக்குக் கிடைத்த பதிலையும், அதற்குப் பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். தோட்டப்புறத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை என்பதுதான் எழுதுவதற்குக் காரணம்.

முதலில் நோயைப் பற்றி. இளைப்பு, முட்டு, வீசிங் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. அவற்றில் நாற்பது வயதுக்கு மேல் அதிகமாக வருவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். கிளினிக் கொப்பியில் இதை சி.ஓ.பி.டி. என்று எழுதுவார்கள். மூச்சுக்குழாய்கள் குறுகி, காற்றறைகள் சிதைந்து, உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் தேங்கிவிடும். ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லி இதைக் கண்டுபிடிக்கிறார்கள். மருந்து கொடுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் ஒரு செக்கனில் 70 சதவீதம்கூட வெளிவராவிட்டால் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

பீடி, சுருட்டு, சிகரெட் இதற்குப் பெரிய காரணம். ஆனால் வாழ்நாளில் பீடியைத் தொடாத பெண்களுக்கும் இது வருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. அதற்கு ஒட்டினாற்போல் புகைபோக்கி இல்லாத அடுப்பங்கரை. மழைக்காலத்தில் ஈர விறகு. விடியற்காலை எழுந்து ரொட்டி சுடும் பெண் முப்பது நாற்பது வருடம் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறாள். கேஸ் அடுப்புக்கு மாறியிருந்த பல வீடுகள்கூட 2022ஆம் ஆண்டு தட்டுப்பாட்டில் மறுபடி விறகுக்குத் திரும்பின.

இனி எலும்பு. எலும்பைக் கல் மாதிரி உயிரில்லாத பொருள் என்று நினைப்பதால்தான் இந்த விஷயம் பிடிபடுவதில்லை. தேயிலை மலையில் மண் சரியாமல் இருக்கக் கட்டியிருக்கும் கல்லுக்கட்டை நினைத்துப் பாருங்கள். அது தானாக நிற்பதில்லை. யாராவது வந்து இளகிப்போன கல்லைப் பெயர்த்து, அந்த இடத்தில் புதிய கல்லை இறுக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எலும்புக்குள்ளும் அப்படி இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் செல்கள், மற்றது புதிய எலும்பைக் கட்டும் செல்கள். ஒரு சிறு இடத்தைக் கரைக்க இரண்டு மூன்று வாரம் போதும். அதே இடத்தைக் கட்டி முடிக்க மூன்று நான்கு மாதம் எடுக்கும். பெயர்ப்பது சுலபம், கட்டுவதுதான் மெதுவான வேலை. இப்படியே பத்து வருடத்துக்குள் நம் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுவதும் புதுசாகிவிடுகிறது.

முப்பது வயது வாக்கில் எலும்பு உச்ச பலத்தில் இருக்கும். அதன் பிறகு மெல்ல மெல்லப் பெயர்ப்பவர்களின் கை ஓங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சில வருடம் அது வேகமாக நடக்கும். எலும்பின் உட்பக்கம் தேன்வதை போலச் சிறு சிறு அறைகளால் ஆனது. அந்த அறைச் சுவர்கள் மெலிந்து, சில இடத்தில் அறுந்தே போய்விட்டால் அதுதான் எலும்புப்புரை, ஒஸ்டியோபோரோசிஸ். இதை 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லி முழங்கால் மூட்டுத் தேய்வோடு குழப்பிக்கொள்கிறோம். மூட்டுத் தேய்வு நடக்கும்போதெல்லாம் வலிக்கும். எலும்புப்புரைக்கோ உடையும் நாள்வரை வலியே இல்லை.

சரி, நுரையீரல் நோய் உள்ளவருக்கு ஏன் இது அதிகம்? பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேலானோருக்கு எலும்புப்புரை இருப்பது தெரிந்தது. இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. புகை பட்டுப் பட்டு நுரையீரலுக்குள் ஓர் அழற்சி கனன்றுகொண்டே இருக்கிறது. அங்கே உண்டாகும் இரசாயனங்கள் இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகின்றன; எலும்புக்குள் போனதும் பெயர்க்கிற கூட்டத்தை உசுப்பிவிடுகின்றன. புகையிலை தனியாகவே கட்டுகிற செல்களைக் கெடுக்கிறது. இளைப்புக்குப் பயந்து நடை குறைகிறது. எலும்பு பாரத்துக்குப் பழகியது, பாரம் இல்லாவிட்டால் உடம்பு அதைக் கழித்துவிடும். மூச்சு விடுவதே பெரிய வேலையாகிவிடுவதால் சாப்பிட்டதெல்லாம் அதற்கே செலவாகி, ஆள் மெலிந்து, தசை வற்றிப்போகிறது. மெலிந்த உடம்பில் எலும்பும் மெலிந்தே இருக்கும்.

அப்புறம் வெயில். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேல் மலையில் பனிமூட்டமும் மழையும் போக மிச்ச நேரத்தில்தான் வெயில். நோயாளி ஸ்வெட்டரும் தலைமுண்டுமாகக் காம்பராவுக்குள்ளேயே அடைந்திருப்பார். கல்சியத்தை உணவிலிருந்து உடம்பு உறிஞ்சிக்கொள்ள விட்டமின் டி வேண்டும். அதைத் தோல் வெயிலில்தான் தயாரிக்கிறது. காலையில் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார்ந்து குளிர் காய்கிறோமே, அந்த இளம் வெயில் உடம்புக்குச் சுகமாக இருக்கும், ஆனால் விட்டமின் டி உண்டாக அது போதாது. நம் நிழல் நம் உயரத்தைவிடச் சிறிதாக விழும் நேரம், அதாவது பத்து மணிக்கு மேல் இரண்டு மணிக்குள், முகத்திலும் முழங்கையிலும் கொஞ்ச நேரம் வெயில் பட வேண்டும்.

அந்தச் சின்ன மாத்திரை

காரணங்களில் நான் நின்று பேச விரும்புவது ஸ்டீரொய்ட் மாத்திரையைப் பற்றித்தான். நம் ஊர்களில் அதிகம் கொடுக்கப்படுவது பிரெட்னிசொலோன். இளைப்பு கூடித் தவிக்கிறவருக்கு இது உயிர் காக்கும் மருந்து. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இதே மருந்து எலும்பைக் கட்டும் செல்களை ஓய்த்துவிடுகிறது, பலவற்றைச் சாகடிக்கிறது. குடல் கல்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது, சிறுநீரில் கல்சியத்தை வெளியேற்றுகிறது, தசையையும் வற்றச் செய்கிறது. எலும்பு இழப்பு மிக வேகமாக நடப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். அதுவும் தேன்வதை மாதிரியான எலும்பு நிறைந்த முள்ளந்தண்டைத்தான் முதலில் பிடிக்கும்.

நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஆனாலும், மூன்று மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுப்பவரின் எலும்பைக் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். இளைப்பு திடீரென்று கூடும்போது இப்போது பரிந்துரைக்கப்படுவது நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள், அவ்வளவுதான். ஐந்து நாள் கொடுத்ததும் பதினான்கு நாள் கொடுத்ததும் ஒரே பலனைத் தந்ததாக 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே டொக்டர் ஐந்து நாளுக்குத் தந்தால், "மருந்து காணாது" என்று நினைக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது? ஒருமுறை ஐந்து நாளில் நிமிர்த்திவிட்ட மாத்திரை என்பதால் பழைய மருந்துத் துண்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறோம். அடுத்த முறை மழை பிடித்து நெஞ்சு இறுகினால் டவுனுக்கு இறங்குகிற யாரிடமாவது அதைக் கொடுத்து பார்மசியில் வாங்கி வரச் சொல்கிறோம். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கூட்டிப் பாருங்கள்: ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், வருடத்தில் ஐந்து தடவை என்றால் 1,000 மில்லிகிராம். அது அத்தனையும் கிளினிக் கொப்பியில் ஏறாத கணக்கு. டொக்டருக்குத் தெரிந்தால்தான் எலும்புக்கு ஏதாவது செய்வார். கடையில் வாங்கிப் போட்டதையும், பெயர் எழுதாத உறையில் எங்காவது கிடைத்த மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. பல வாரமாகத் தொடர்ந்து எடுப்பவருக்கு உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரொய்ட் அடங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டொக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பம்ப் வேறு கதை. வாயில் வைத்து இழுக்கும் பம்பிலும் சிலவற்றில் ஸ்டீரொய்ட் இருக்கிறது, ஆனால் அதன் அளவு மில்லிகிராமில் ஒரு பங்கு. பெரிய அளவில் பல வருடம் இழுத்தால் எலும்பில் கொஞ்சம் பாதிப்பு இருக்கலாம், அதனால் தேவையான மிகக் குறைந்த அளவில் டொக்டர் வைத்துக்கொள்வார். மாத்திரையோடு ஒப்பிட்டால் அது மிகவும் சிறியது. பம்பை ஒழுங்காக எடுப்பவருக்கு இளைப்பு கூடுவது குறைகிறது, ஆகவே மாத்திரை தேவைப்படுவதும் குறைகிறது. எலும்புக்குப் பயந்து பம்பை ஒதுக்கி வைப்பவர் கடைசியில் மாத்திரைக்குத்தான் போய்ச் சேருவார். இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

எலும்பு நசுங்கினால் மூச்சும் நசுங்கும்

முள்ளந்தண்டின் ஒவ்வோர் எலும்பும் ஒரு கட்டை மாதிரி. புரையோடிய கட்டையின் முன்பக்கம் பாரம் தாங்காமல் நசுங்கி ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடும். இதற்கு விழ வேண்டிய அவசியமில்லை. குனிந்து விறகுக் கட்டைத் தூக்கியதால், பலமாக இருமியதால், பஸ் பள்ளத்தில் விழுந்து குலுங்கியதால் நடந்துவிடும். இருமியே விலா எலும்பு உடைந்தவர்களும் உண்டு. முள்ளந்தண்டு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு யார் கண்ணிலும் படாமலே போகின்றன. வலி வந்தாலும் அதை 'வாய்வு', 'பிடிப்பு' என்று சொல்லித் தைலம் தேய்த்துக் கடந்துவிடுகிறோம்.

இரண்டு மூன்று கட்டைகள் அப்படி ஆகிவிட்டால் முதுகு முன்னோக்கி வளையும். விலாக்கூடு இறங்கி இடுப்பெலும்பில் வந்து உட்காரும். நெஞ்சு விரிய இடமில்லை. மார்புப் பகுதியில் நசுங்கும் ஒவ்வோர் எலும்புக்கும் நுரையீரலின் கொள்ளளவு சுமார் ஒன்பது சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். பாதி மூச்சில் காலம் தள்ளுகிறவருக்கு அது பீலிவரை நடப்பதா வேண்டாமா என்ற கேள்வி. வயிறும் அழுத்தப்படுவதால் நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடும். உடம்பு இன்னும் மெலியும். இருமினால் வலிக்கிறது என்று சளியை அடக்குவார், அதில் கிருமி பெருகி இளைப்பு கூடும், மறுபடி மாத்திரை வரும், எலும்பு இன்னும் கரையும். அம்மாயிக்கு நடந்தது இதுதான். நாங்கள் அதை வயசு என்று நினைத்தோம், கூடை என்று நினைத்தோம்.

ஆகவே வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை அவரைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேலே பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். இளவயது உயரத்தைவிட நான்கு சென்ரிமீட்டர் குறைந்திருந்தாலோ, ஓரிரு வருடத்துக்குள் இரண்டு சென்ரிமீட்டர் குறைந்திருந்தாலோ டொக்டரிடம் சொல்ல வேண்டும். குதிகாலும் முதுகும் சுவரில் பட நின்றால் பின்மண்டையும் சுவரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அதுவும் ஓர் அடையாளம்.

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்ற ஸ்கேன் இருக்கிறது. வலி கிடையாது, பத்துப் பதினைந்து நிமிட வேலை. இளவயதுக்காரரின் எலும்போடு ஒப்பிட்டு ஓர் எண் தருவார்கள். கழித்தல் 1 வரை சரி. அதற்கும் கழித்தல் 2.5க்கும் இடையில் என்றால் மெலிவு, கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவு இது. இந்த மெஷின் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டி வரலாம். போக முடியாவிட்டால் வழியே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வயது, எடை, பழைய முறிவு, புகைபிடித்தல், ஸ்டீரொய்ட் போன்றவற்றைக் கேட்டு முறிவு அபாயத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பு முறை இலங்கைக்கென்றே இருக்கிறது. பெரிய அடி எதுவும் படாமலே முள்ளந்தண்டு எலும்பு நசுங்கியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால், ஸ்கேன் எண் என்னவாக இருந்தாலும் அது எலும்புப்புரைதான். இளைப்புக்காரருக்கு நெஞ்சு எக்ஸ்ரே அடிக்கடி எடுக்கிறார்கள். அடுத்த முறை, "டொக்டர், முள்ளந்தண்டையும் பாருங்க" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆண்களுக்கும் கேளுங்கள். இது பெண்களின் நோய் என்று நினைத்து ஆண்களைப் பார்க்காமல் விடுவது மிக அதிகம்.

வீட்டில் முடிந்தது

ஒரு நாளைக்கு வளர்ந்தவருக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். ஒரு கிளாஸ் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. எங்கள் லயத்தில் மாடு வளர்க்காத வீடு குறைவு. ஆனால் கறந்த பாலெல்லாம் பால் சேகரிக்கிற இடத்துக்குப் போய்விடும், வீட்டில் குடிப்பது சீனி போட்ட பிளேன்டீதான். அந்தக் காசில்தான் பிள்ளைகளின் கொப்பியும் சப்பாத்தும் வருகின்றன என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நோயாளிக்கென்று தினம் ஒரு கிளாஸை ஊற்றாமல் எடுத்து வைக்கச் சொல்லித்தான் கேட்பேன். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிட்டால் அதில் நிறையக் கல்சியம். உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். குரக்கன் மா ரொட்டியிலும் கூழிலும், எள்ளுருண்டையிலும், முருங்கைக் கீரையிலும் இருக்கிறது. பசளியில் இருப்பது உடம்பில் அவ்வளவாகச் சேராது. பருப்பு, முட்டை, சோயா தசைக்கு வேண்டும். வயிறு சீக்கிரம் நிறைகிறவர் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து ஆறாகப் பிரித்துச் சாப்பிடலாம். தேயிலை எலும்பை அரிக்கும் என்று பயப்பட வேண்டாம். சாப்பாட்டின் இடத்தைத் தேத்தண்ணி பிடித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

நடக்க வேண்டும். மேடு ஏறும்போது நாலடிக்கு ஒருமுறை நின்று, உதட்டைக் குவித்து நெருப்பு ஊதுவதுபோல மெல்ல மூச்சை விட்டு, பிறகு ஏறலாம். கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது நல்ல பயிற்சி. முடிந்த தடவை செய்தால் போதும். குனிந்து பாரம் தூக்குவது மட்டும் ஆகாது. தண்ணீர்க் குடத்தை வீட்டில் இளையவர்கள் தூக்கட்டும்.

விழுவதைத் தடுப்பது மருந்து அளவுக்கு முக்கியம். பாசி பிடித்த பீலிக் கல், கானுக்குக் குறுக்கே போட்ட ஆடும் பலகை, இரவில் வெளியே இருக்கும் கக்கூசுக்கு இறங்கும் மண் படி. எல்லா லயத்திலும் இந்த மூன்றும் இருக்கும். படிக்கு ஒரு கைப்பிடி மூங்கில், ஒரு டோர்ச், ரப்பர் செருப்பு தேய்ந்தால் மாற்றுவது என்று சின்னச் செலவில் முடிகிற காரியங்கள்தான். இடுப்பெலும்பு உடைந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். நுரையீரல் நோயும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பீடியை விடுவதும், காய்ந்த விறகும், கூரையில் புகை போக ஒரு வழியும் நுரையீரலுக்கும் எலும்புக்கும் சேர்த்துச் செய்கிற உதவி.

இவற்றோடு, தேவையானவருக்குக் கல்சியமும் விட்டமின் டியும் டொக்டர் தருவார். முறிவு அபாயம் அதிகம் என்றால் பெயர்க்கிற செல்களை அடக்கும் மருந்தும் தருவார். அதிகம் பயன்படுவது அலென்ட்ரோனேட், 70 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை. வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்தும் உண்டு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது, பல் பிடுங்க வேண்டியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

அந்த வார மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். தேத்தண்ணியோடும் பாலோடும் விழுங்கினால் உடம்பில் சேராது. கல்சியம் மாத்திரையையும் அந்த நேரத்தில் போடக்கூடாது. விழுங்கிய பிறகு அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கண் விழித்தவுடன் பிளேன்டீ குடித்துப் பழகிய அம்மாயிக்கு இதைவிடக் கஷ்டமான பத்தியம் கிடையாது. பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, ஆள் போகாத ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். மாத்திரையை விழுங்கிவிட்டு இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். பக்கத்துக் காம்பராச் சின்னப் பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்து, "அம்மாயி, அரை மணி ஆச்சு" என்று கத்தும்வரை அடுப்பில் கேத்தல் காத்திருக்கும்.